அம்பிகா ஸ்டூடியோவின் ஜோடி டிஸ்க்

ஃபிஜித் தீவில் எங்கள் லௌடோகாவில், கல்யாணப் பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது அழுகிற முகத்துக்கு விலை பன்னிரண்டு டாலர். மரச்சட்டம் போட்டால் இருபத்தைந்து. அப்பாவும் சேர்ந்து அழுதால் படத்தின் அகலம் கூடிவிடும், அதனால் முப்பத்தைந்து. இந்த விலைப்பட்டியலை அச்சடித்துக் கடைக்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்தவர் தன்சுக்லால், அம்பிகா ஸ்டூடியோவின் பெரிய பங்காளி. அழுகைக்கு விலை வைக்கிறீர்களே என்று யாராவது கேட்டால், "அழுகை அவங்களோடது, பேப்பர் என்னோடது. நான் பேப்பருக்குத்தான் காசு வாங்கறேன்" என்பார். சின்னப் பங்காளி அவருடைய தம்பி ரமணிக்; அண்ணனை மோட்டாபாய் என்பான், எங்களுக்கெல்லாம் அவர் பாய். அண்ணன் கல்லாவில், தம்பி கேமராவில். ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்காக அங்கே போவார்கள். மீதிப் பேர் ஆக்லாந்துக்கோ சிட்னிக்கோ விசா வாங்க முகத்தைப் படம் எடுத்துக்கொள்ளப் போவார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்களின் முகம்தான் எங்கள் ஊரில் நஷ்டமே வராத சரக்கு.

என் கடை தெருவின் எதிர்ச்சாரியில். கம்ப்யூட்டர் விற்பேன், பழுது பார்ப்பேன்; பச்சு என்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும். என் அப்பா கஜம் கணக்கில் துணி விற்றவர். அவர் கடையில் நான் படித்தது ஒரே பாடம்: எவன் முதலில் விலையைச் சொல்கிறானோ அவன் தோற்றான். அம்பிகா ஸ்டூடியோவுக்குச் சர்வர் வைத்துக்கொடுத்தபோது தன்சுக்லாலும் நானும் ஆளுக்கொரு டீயை ஆறவிட்டபடி ஒரு மத்தியானம் முழுக்க விலை சொல்லாமலே பேசிக்கொண்டிருந்தோம். அவருக்குப் புரியாதது ஒன்றுதான். "ஒரு டிஸ்க்ல அடங்கற படத்துக்கு எதுக்குப்பா ரெண்டு டிஸ்க்?" ஜோடியாகப் போட்டால் எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி பதியும், ஒன்று செத்தாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும், இதை நாங்கள் மிரர் என்போம் என்று விளக்கினேன். "அதாவது ஒருத்தன் வேலை செய்வான், இன்னொருத்தன் சும்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருப்பான். எனக்கு ஏற்கெனவே ஒரு தம்பி இருக்கான்" என்றார். உள்ளே லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ரமணிக் காதில் விழாத மாதிரி துடைத்தான். ஜோடி சேர்க்கத் தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டும் என்று இன்னொரு கடையில் சொன்னார்களாம். கார்டு எதுவும் வேண்டாம், மென்பொருளே அந்த வேலையைச் செய்யும், அதற்குக் காசும் இல்லை என்றேன். காசு இல்லை என்ற சொல்தான் அன்று வியாபாரத்தை முடித்தது.

சில வருஷம் கழித்து அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்தது. எதனால் என்று இரண்டு பேரும் இரண்டு காரணம் சொன்னார்கள், இரண்டுமே சரி. பாகம் பிரித்தார்கள். லௌடோகா கடை அண்ணனுக்கு, பக்கத்து ஊரான நாண்டியில் புதுக் கடை தம்பிக்கு. குடை லைட் ஆளுக்கு இரண்டு. பின்னால் தொங்கவிடுகிற நயாகரா அருவித் திரை அண்ணனுக்கு, தாஜ்மஹால் தம்பிக்கு. எல்லாவற்றையும் பிரித்த பிறகு சர்வர் மட்டும் மிஞ்சியது. இத்தனை வருஷக் கல்யாணமும் அதில் இருந்தது. மறுபிரதி கேட்டு வருகிறவர்கள்தான் மழைக்கால வருமானம். என்னைக் கூப்பிட்டார்கள். ரமணிக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "டிஸ்க் ரெண்டு. நாங்களும் ரெண்டு பேர்" என்றான். ஆளுக்கொன்றாகக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டிலும் எல்லாம் இருந்தது. பாகப்பிரிவினை வரலாற்றிலேயே இரண்டு பேருக்கும் முழுச் சொத்தும் போய்ச்சேர்ந்தது அன்றுதான் என்று நான் பல விருந்துகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்று முதல் இரண்டு கடை இயந்திரங்களும் தினமும் காலையில் ஒரே புகாரைச் சொல்லும்: ஜோடியில் இரண்டு இருக்க வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. புது டிஸ்க் ஒன்று வாங்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் இது ஒற்றைதான் என்று எழுதி அதன் வாயை அடைத்துவிடுகிறேன் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். தன்சுக்லால், "கத்தட்டும். கத்தறதுக்குக் கரண்ட் செலவு இல்லையே" என்றார். ரமணிக்கும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னான். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

பிரிந்திருந்த காலத்தில் தன்சுக்லாலின் மகள் ஹெதலுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணைப் பெற்றவர் கையில் கேமராவோடு நிற்க முடியாது. தம்பியிடம் கேட்க மனமில்லை. தலைநகர் சுவாவிலிருந்து ஓர் ஆளை அமர்த்தினார். பேரம் பேசி, மூன்றில் ஒரு பங்கு குறைத்து. ஆளும் அதற்கேற்ற மாதிரிதான் வேலை செய்தார். கன்யாதான நேரத்தில் அவர் மணவறையிலேயே இல்லை. வழக்கப்படி மாப்பிள்ளையின் செருப்பை விளையாட்டாகத் திருடிக்கொண்டு ஓடிய பெண்களைப் படமெடுக்கப் பின்னாலேயே போயிருந்தார். ஆல்பத்தில் செருப்பு மட்டும் பதினோரு படம். தன்சுக்லால் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிற படம் ஒன்றுகூட இல்லை. ஊரில் எல்லார் வீட்டு அப்பாவையும் முப்பத்தைந்து டாலருக்குச் சுவரில் மாட்டியவர், தன் வீட்டுச் சுவரில் அந்த இடத்தில் காலண்டர் மாட்டினார்.

ரமணிக் கல்யாணத்துக்கு வந்திருந்தான். சித்தப்பா முறைக்கு வந்து, ஓரமாகச் சாப்பிட்டு, ஜெனரேட்டர் பக்கம் நின்று, சின்ன கேமராவில் படம் எடுத்ததை ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுகிற வாசிதி பார்த்தாள். நவக்கா கிராமத்துக்காரி, நாற்பது வயது, இரண்டு முதலாளிகளையும் நேருக்கு நேர் கிண்டல் செய்யும் உரிமையைச் சம்பள உயர்வுக்குப் பதிலாக வாங்கிக்கொண்டவள். மறுநாளே அண்ணனிடம் சொல்லிவிட்டாள். "சின்ன பாஸ் எல்லாம் எடுத்திருக்காரு பெரிய பாஸ். ஒரு போன் போடுங்க, குடுத்துடுவாரு."

"எடுத்தவன் குடுக்கட்டும். வாங்கிக்கறேன்."

நாண்டியில் ரமணிக் என்னிடம் சொன்னது, "வேணும்னா கேக்கட்டும். குடுக்கறேன்."

கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்கு அழித்துத் திரும்பப் பயன்படுத்திவிட்டான். ஆகவே அந்தப் படங்கள் உலகத்தில் இருந்தது ஒரே இடத்தில்: நாண்டி கடையில், ஜோடியைப் பிரிந்த அந்த ஒரு டிஸ்க்கில். இன்னொன்று வாங்கிப் போடு என்று எத்தனையோ தடவை சொன்னேன். பார்க்கலாம் என்பான். முதலில் விலை சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஹெதல் ஆக்லாந்திலிருந்து பேசும்போதெல்லாம் அப்பாவிடம் கேட்பாள், சித்தப்பாவிடமும் கேட்பாள். இரண்டு பேரும் வருது வருது என்பார்கள்.

கடைசியில் நாண்டி ஆறுதான் பேச்சைத் தொடங்கிவைத்தது. கல்யாணத்துக்கு மூன்றாம் வருஷம் வந்த வெள்ளத்தில் ரமணிக் கடையில் கல்லாப்பெட்டி முங்கும் அளவுக்குத் தண்ணீர். தாஜ்மஹால் சேற்றுக்குள் போனது. சர்வரை அலமாரி உச்சியில் வைத்திருந்ததால் தப்பியது. கடையை மூடிவிட்டு வாடகை வண்டியில் குடை லைட்டுகளோடு வந்து இறங்கினான். அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "வாசிதி, அவனோட மேஜை மேல இருக்கற அட்டைப்பெட்டியெல்லாம் எடுத்துடு" என்றார். சமாதானம் அவ்வளவுதான். அதன் பிறகும் இரண்டு நாள் வாசிதி மூலமாகத்தான் பேசினார்கள். "பெரிய பாஸ் டீ குடிச்சாச்சான்னு கேக்கறாரு" என்று ஒரு கஜ தூரத்தில் நின்று அவள் மொழிபெயர்ப்பாள்.

டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். எனக்கு முந்தின வாரமே போன் செய்து, பழைய மாதிரி ஜோடி சேர்த்துக் கொடு என்று கேட்டான். பழைய மாதிரி முடியாது, இரண்டும் இப்போது வேறு வேறு, ஒரு புது டிஸ்க் வாங்கி இரண்டிலிருந்தும் அதற்கு நகலெடுக்க வேண்டும், நான் வருகிறவரைக்கும் எதையும் எதிலும் சொருக வேண்டாம் என்று சொன்னேன். அதை அவன் வாசிதியிடம் சொன்னான். வாசிதி அண்ணனிடம் சொன்னாள். நான் சொன்ன நீளமான வாக்கியம் அவரிடம் போய்ச் சேரும்போது, பச்சு வந்துதான் சொருகணுமாம் என்று சுருங்கியிருந்தது. இதைக் கேட்டு ஒரு வியாபாரி வேறு என்ன நினைப்பார்? சொருகுவதற்கு ஒரு கூலி, காத்திருப்பதற்கு ஒரு கூலி.

அவருக்கு அந்த வேலை தெரியாதது இல்லை, அதுதான் வினை. முன்பு ஒரு நாள் பெருக்கும்போது விளக்குமாறு பட்டு ஒரு டிஸ்க்கின் வயர் கழன்றுவிட்டது. நான் சுவாவில் இருந்தேன். போனிலேயே சொல்லச் சொல்ல அவர் வயரைச் சொருகி, நான் எழுத்தெழுத்தாகச் சொன்ன கட்டளையை அடித்து, ஜோடியைத் திரும்பச் சேர்த்தார். அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதியும் வைத்துக்கொண்டார். ரமணிக் ஆலைத் தொழிலாளிகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கப் போயிருந்த காலையில், துண்டைப் பிரித்தார். டிஸ்க்கைச் சொருகினார். கதவில் எழுதியிருந்த கட்டளையைப் பார்த்து அடித்தார். இயந்திரம் கேள்வி கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு நான் டப்பாவைத் திறந்தபோது போன் வந்தது.

"பச்சு, உனக்கு இன்னிக்கு எண்பது டாலர் நஷ்டம்."

"என்ன பாய் பண்ணுனீங்க?"

"ஜோடியைச் சேத்துட்டேன். முப்பத்தி ஒண்ணு சதவீதம் ஆயிடுச்சு. நீ வந்தா டீ குடுக்கறேன், பில் குடுக்காதே."

"பாய், அந்த வயரை உருவுங்க. இப்பவே. எதையும் அணைக்க வேணாம், பேச வேணாம், உருவுங்க."

"ஏன், நீ வந்து சொருகினாத்தான்..."

நான் தெருவைக் கடந்துகொண்டிருந்தேன். கரும்பு லாரிக்காரன் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான். உள்ளே போனபோது அவர் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் ரொட்டியுமாக நின்றார். வயரை நானே உருவினேன். திரையில் எண் முப்பத்து மூன்றில் நின்றது.

எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரமணிக் வந்துவிட்டான். பிரித்த துண்டைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அண்ணனைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு போச்சு?"

"மூணுல ஒரு பங்கு."

"எந்தப் பங்கு?"

"முன்பங்கு. அதுல எந்தப் படம் இருந்துச்சுன்னு தேடிப் பாத்தாத்தான் தெரியும்."

தன்சுக்லால் ரொட்டியை மேஜையில் வைத்தார். "நான் எதையும் அழிக்கலையே. சேக்கத்தானே செஞ்சேன்."

"அதுக்குச் சேக்கத் தெரியாது பாய்," என்றேன். "ஒண்ணு மாதிரியே இன்னொண்ணை ஆக்க மட்டும்தான் தெரியும். ரெண்டும் வேற வேறயா இருந்தா, ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கறதுதான் அசல்னு எடுத்துக்கும். புதுசா வர்றது மேல அசலை எழுதிடும்."

"மோட்டாபாயோடது அசல். என்னோடதுக்கு மேல அதை எழுதணும்," என்றான் ரமணிக். "பாகம் பிரிக்கறப்பவும் இதே சாஃப்ட்வேர்தான் ஓடிச்சு."

பிரிண்ட் அறையில் வாசிதி சிரிக்கத் தொடங்கி, நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.   தன்சுக்லால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இல்லாத வேட்டியைத் துழாவிவிட்டு, பேண்டில் துடைத்தார்.  

"ஹெதலோட படம்?" என்றார்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயைத் திறந்து கேட்டது அதுதான். ரமணிக் கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"இதை அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீ அப்பவே குடுத்திருக்கலாம்ல?"

"கேக்காம குடுத்தா நீ அதை மதிக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா?"

 தன்சுக்லால் என் பக்கம் திரும்பி, இதை மீட்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். நான் ஒரு தொகை சொன்னேன். வழக்கம்போல, பாதிக்குக் கேட்பார் என்று இரட்டிப்பாக. சரி என்றார்.  அந்த மனிதர் பேரம் பேசாமல் ஒரு விலைக்குச் சரி சொன்னதை நானோ என் அப்பாவோ பார்த்ததில்லை. தொகையை நானே குறைத்துச் சொன்னேன். அவர் அதற்கும் சரி என்றார்.

மீட்பது பெரிய மந்திரமில்லை. டிஸ்க்கின் முன்பகுதியில்தான் எந்தப் படத்துக்கு என்ன பெயர், அது எங்கே கிடக்கிறது என்ற விவரம் இருந்தது, அது போய்விட்டது. மிச்சத்தில் படங்கள் பெயரில்லாமல் சிதறிக் கிடக்கும். முதலில் அந்த டிஸ்க்கை அப்படியே வேறொன்றில் நகலெடுத்தேன். பிறகு ஒரு நிரல், படம் தொடங்குகிற அடையாளத்தையும் முடிகிற அடையாளத்தையும் தேடிக்கொண்டே போகும். இரண்டும் கிடைத்தால் முழுப்படம். நடுவில் வேறு ஏதாவது எழுதப்பட்டிருந்தால் மேலே படமும் கீழே வெறும் சாம்பல் நிறமுமாக வரும். வந்ததில் எது யாருடையது என்று இயந்திரம் சொல்லாது, கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அண்ணனும் தம்பியும் என் கடைக்கு வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாசிதி ஒரு வாளியில் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் கொண்டுவந்து, ஊர் வழக்கப்படி கைதட்டி, ஆளுக்கொரு கொட்டாங்கச்சி கொடுத்தாள். "இதைக் குடிச்சா நாக்கு மரத்துடும். அப்புறம் சண்டை போட வசதியா இருக்காது" என்றாள்.

பாஸ்போர்ட் முகங்கள் வந்தன, நூற்றுக்கணக்கில். நாண்டியின் பிறந்தநாள்கள், பட்டமளிப்பு விழாக்கள், ஒரு பன்றி விருந்து. தன்சுக்லால் ஒவ்வொன்றுக்கும் தொழில் பேசினார். "இங்க லைட் கம்மி." "இவன் கண்ணை மூடிட்டான், இதுக்கா காசு வாங்கினே?" ரமணிக், "வாங்கினேன், உன் ரேட்டுக்கு மேலயே வாங்கினேன்" என்றான். பிறகு ஒரு படம் வந்தது. வாழைமரம் கட்டிய கம்பம். பக்கத்தில் ஒருவர் சமையல்காரரிடம் விரலை நீட்டிச் சண்டை போடுகிறார். தலைப்பாகை நழுவிக் காதுக்கு வந்திருக்கிறது.

"இது நான்," என்றார் தன்சுக்லால்.

அடுத்து, நாற்காலிகளை எண்ணிக்கொண்டு போகிற தன்சுக்லால். ஜெனரேட்டர்காரனுக்குக் காசு கொடுக்கும்போது திரும்பி நின்று நோட்டை எண்ணுகிற தன்சுக்லால். பந்தலுக்குப் பின்னால் தனியாக, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தலைப்பாகை நுனியில் முகத்தைத் துடைக்கிற தன்சுக்லால். பெண் ஒரு ஓரத்தில் சிவப்புத் துணியாகத் தெரிந்தாள், அல்லது தெரியவில்லை.

"பொண்ணு எங்கடா?"

"பொண்ணைத்தான் சுவாக்காரன் எடுத்தானே."

தன்சுக்லால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷம் படக்கடை வைத்திருந்தவர், தன் முகத்தை விசாவுக்குத் தவிர வேறு எதற்கும் பார்த்திராதவர் மாதிரி. நான் அடுத்ததை அழுத்தினேன்.

கன்யாதானம். மேலிருந்து படம் மெதுவாக இறங்கியது: பந்தலின் மாவிலை, ஹெதலின் நெற்றி, சாய்ந்த தலைப்பாகை, அவருடைய புருவம், கண், உதடு ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது, தாடை. அதற்குக் கீழே சாம்பல். தோளும் கையும் இருக்க வேண்டிய இடம் முழுக்க வெறும் சாம்பல். மகளின் கையைப் பிடித்துக் கொடுத்த அவருடைய கை அங்கே எங்கோ இருந்தது, அழிந்துபோன முப்பத்து மூன்று சதவீதத்துக்குள்.

"இதுக்குக் கீழ வராதா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான் பாய்."

ரமணிக் முன்னால் நகர்ந்து, சாம்பல் தொடங்குகிற கோட்டில் விரலை வைத்தான். "இங்க உன் கை நடுங்கிட்டிருந்துச்சு. நான் ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்துச்சு."

"நடுங்கலை."

"நடுங்கிச்சு மோட்டாபாய்."

"தண்ணி ஊத்துனாங்க, சில்லுன்னு இருந்துச்சு." சாம்பலைப் பார்த்தபடியே, "ம், நடுங்கிச்சு" என்றார்.

ஹெதலுக்கு முதலில் அதை அனுப்பச் சொன்னார். பிரிண்டும் வேண்டும் என்றார். வாசிதி கீழே வெட்டிவிடவா என்று கேட்டதற்கு, வேண்டாம், சாம்பலோடு போடு என்றார். பிறகு என் பில் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, பின் அட்டையில் பென்சிலால் மூன்று வரி எழுதினார். முழுசா வந்தது என்று எழுதி எதிரில் அறுபத்து நான்கு. பாதி வந்தது, ஒன்பது. போனது என்று எழுதிவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை எடுத்தே?"

ரமணிக் ஒரு தடவை பந்தலுக்கு எத்தனை மூங்கில் என்று எண்ணிச் சொன்னவன். யோசித்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"எண்ணலை."

தன்சுக்லால் அந்த வரிக்கு எதிரே பென்சில் முனையை வைத்துக் காத்திருந்தார். பிறகு அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே கோடு மட்டும் போட்டார்.